சுண்ணாம்புக்குக் காகம் போட்டால்

நடுவர்கள் நாற்பத்தொன்றாம் கூண்டுக்கு வந்துவிட்டார்கள். எங்களுடையது நாற்பத்தேழு. நடுவில் ஐந்து கூண்டு. ஒரு கூண்டுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருகிறேன், யாழினி, ஒன்றரை வயதாகியும் பால் மறக்காத என் மகள், ஒரு பக்கம் குடித்து முடிக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், அப்படியானால் ஐந்து பக்கம், இரண்டரைப் பசி. அதற்குள் எனக்குப் பால் கட்டிவிடும். இப்போதே இடது பக்கம் கல்லாக இருக்கிறது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிறேன், மண்டபம் முழுக்க ஆம்பிளைகள், சேவல்களும் ஆம்பிளைகள், இந்தச் சேவல் கண்காட்சிக்கு நூற்றுப் பத்துக் கூண்டு என்று மைக்கில் சொன்னார்கள், அத்தனையும் ஒரே நேரத்தில் கூவுகிறபோது மில்லில் மெஷின் ஓடுகிற மாதிரியே இருக்கிறது, அதனால் பயம் கொஞ்சம் குறைவு. சத்தம் இருக்கிற இடத்தில் என்னை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இன்றைக்கு நான் பேச வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். சுண்ணாம்புக்குக் காகம் போட்டா சாம்பல்தான் வரும், வேற எதுவும் வராது. நேற்று ராத்திரியிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். பஸ்ஸில் வருகிறபோது முழுசாக இருந்தது. மண்டப வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோது பாதி விழுந்துவிட்டது. இப்போது மறுபடி பொறுக்கிச் சேர்த்திருக்கிறேன். பேச்சியம்மாள் என்று பேர் வைத்தார்கள், பேச்சே கிடையாது என்று கல்யாணமான முதல் வாரமே அத்தை சிரித்தார்கள். எங்கள் ஊர்ச் சாமி பேர் அது. சாமிக்குப் பேச்சு வரும், எனக்குத்தான் வரவில்லை.

கூண்டுக்குள் மூட்டம் நிமிர்ந்து நிற்கிறான். மழைக்கு முன்னால் வானம் நிற்கிற நிறம், கழுத்தும் முதுகும் மட்டும் கொஞ்சம் கருக்கல், அதனால் மூட்டம் என்று நான்தான் பேர் வைத்தேன், சத்தமாக வைக்கவில்லை, தீனி போடுகிறபோது மட்டும் கூப்பிடுவேன். கிளி மாதிரி வளைந்த மூக்கு, விசிறி மாதிரி விரிந்த வால், வெள்ளைக்கண். சேவலுக்கு வெள்ளைக்கண் இருந்தால் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். வீரணன் மாமா, அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அந்தக் கண்ணைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறார், "பாத்தீங்களா, பால் மாதிரி கண்ணு." என் மகளுக்கும் வெளிறின கண்தான். பிறந்து பதினைந்தாம் நாள் கண் நன்றாகத் தெரிந்தபோது அத்தை பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம வம்சத்துல பூனைக்கண்ணு யாருக்கும் இல்லையே, இது யாரைக் கொண்டு பொறந்திருக்கு?" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்தது. என் அம்மாவின் பெரியப்பாவுக்குப் பூனைக்கண், அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது துரை பிள்ளையா என்று கேட்டார்களாம். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததால் அந்தச் சிரிப்பு இன்னும் எங்கள் வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறது, பாத்திரம் தேய்க்கிறபோது கேட்கிறது.

நாற்பத்திரண்டு. செவலைச் சேவல். இரண்டு நடுவர்கள். ஒருவர் கண்ணாடி, ஒருவர் தொப்பி. தொப்பிக்காரர் ஈரப் பஞ்சை எடுத்து இறகைத் தேய்த்துப் பார்க்கிறார், மை ஏற்றிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்களாம். பக்கத்தில் நாற்பத்தாறாம் கூண்டுக்காரர், பெரிய வயிறு, காலையிலிருந்து என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார். "ஏன் தங்கச்சி, உங்க சேவலுக்கு எந்தக் கடை மை? சொன்னா என் தலைக்கும் வாங்கிக்குவேன்ல." வீரணன் மாமா சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். என்னை இங்கே கூட்டிவந்ததே மூட்டம் வேறு யார் கைக்கும் அடங்க மாட்டான் என்பதால்தான். மாமா தூக்கினால் கொத்துவான். நான் நாக்கை இரண்டு தடவை தட்டினால் நெஞ்சை விரித்து வாலை உயர்த்துவான். "நீ சேவலைப் பிடி, பேச்சை நான் பாத்துக்கிறேன்" என்று மாமா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் நேற்று ராத்திரி சொன்னதையே மறுபடி சொன்னார். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சாதாரணமாக. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சம்பந்தி வீட்டாளுக வர்றாக. அந்தச் சுண்ணாம்பிய அடிச்சிருவோம். சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு." என் வீட்டுக்காரர் அழகுமலை என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிள்ளைக்கு விசிற ஆரம்பித்தார். நல்ல மனுசன். அண்ணன் முன்னால் அவருக்கும் என் வியாதிதான்.

சுண்ணாம்பி மூட்டத்தின் தாய். வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்கிறபோது கீழே கிடக்கிற பலகையில் தெறித்திருக்குமே, அந்த மாதிரி உடம்பு. மாமா சாம்பல் நிறச் சேவலையும் சாம்பல் நிறக் கோழியையும் ஜோடி போட்டு வைத்த அடையில் பதினொரு குஞ்சு பொரித்தது. ஆறுதான் சாம்பல். மூன்று கறுப்பு, காகம் என்பார்கள் அந்த நிறத்தை. இரண்டு தெறித்த மாதிரி. மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். "சாம்பலுக்குச் சாம்பல் போட்டா சாம்பல்தானய்யா வரணும்? கோழி வேலி தாண்டியிருக்கு. கலப்பாயிருச்சு." வேலி தாண்டுன கோழி, வேலி தாண்டுன கோழி என்று அந்த வாரம் முழுக்கச் சொன்னார். அது வேலி தாண்டவில்லை. முட்டை வைக்கத் தொடங்கும் முன்னாலிருந்தே பஞ்சாரக் கூடையை விட்டு வெளியே விட்டவள் நான், உள்ளே அடைத்தவள் நான், பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி புடைத்தவளும் நான். அப்போது யாழினி வயிற்றில் ஐந்து மாதம். வேறு எங்கே போவேன். அந்தக் கோழிக்கு அந்த ஒரு சேவலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும் அது, ஆனால் என்னை யார் கேட்டார்கள். தெறித்த குஞ்சு இரண்டில் ஒன்று சேவல், மூன்று மாதத்தில் குழம்பாகிவிட்டது. இன்னொன்றை நான் பின்பக்கம் என் பஞ்சாரத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளைத்தாய்ச்சி கேட்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் சுண்ணாம்பி.

நாற்பத்துமூன்று, வெறும் கூண்டு, ஆள் வரவில்லை. ஐயோ, ஒரு பக்கம் குறைந்துவிட்டது. நாற்பத்துநாலு. வாக்கியம். சுண்ணாம்புக்குக் காகம் போட்டா. இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்று, வீட்டில் தம்பிகளைப் பார்த்து, அப்புறம் மில்லில் கோன் சுற்றுகிற பக்கம் மூன்று வருசம். அங்கே நூலுக்கு நூல் வேறு, ஒவ்வொரு ரகத்துக்கும் கோன் நுனியில் ஒவ்வொரு கலர். பச்சை நுனி கூடையில் ஒரே ஒரு சிவப்பு நுனி விழுந்தாலும் துணியாகிறபோது கோடு விழுந்துவிடும், மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். கலப்பு என்று அங்கேயும் அதே வார்த்தைதான். அந்த வார்த்தை வராமல் இருக்க எப்படிக் கண் வைக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அதனால்தான் சுண்ணாம்பியைக் காகச் சேவலோடு அடைத்தபோது, பொரித்த குஞ்சுக்கெல்லாம் முதல் நாளே காலில் பச்சை நூல் கட்டினேன். சாம்பல் ஜோடியின் குஞ்சுக்குச் சிவப்பு. காக ஜோடிக்கு மஞ்சள். கால் பருக்கப் பருக்க நூல் இறுக்கும், பத்து நாளுக்கு ஒரு தடவை அறுத்துப் புதுசு கட்ட வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வைப்பேன். மூன்று அடை, இருபத்தாறு குஞ்சு. இருபத்தாறும் சாம்பல். ஒன்றுகூடத் தவறவில்லை. சாம்பலுக்குச் சாம்பல் போட்டால் கலைந்து போகிறது, யாரும் வேண்டாம் என்ற தெறித்த கோழிக்குக் காகம் போட்டால் மொத்தமும் சாம்பல். அந்த மூன்றாவது அடை பொரித்த அன்றைக்கு நான் பின்பக்கம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. மாமாவிடம் ஒரு தடவை ஆரம்பித்தேன், "மாமா, அது சுண்ணாம்பியாலதான்..." அவர் பல் விளக்கிக்கொண்டே சொன்னார், "காகத்தோட ரத்தம் புள்ள அது. கோழி என்ன, அதுவும் ஒரு பஞ்சாரம்தான். போட்டதைப் பொரிச்சுக் குடுக்கும்." அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் மதிக்கிற ஒருத்தர் சொன்னால் கேட்பார். அந்தத் தொப்பிக்காரர் சொன்னால் கேட்பார். அதற்குத் தொப்பிக்காரர் காதில் விழ வேண்டும். அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்குக் குழம்பு. வேறு வழி இல்லை, பேச்சி, வேறு வழி இல்லை.

மூட்டம் கால் மாற்றி நிற்கிறான். இடது காலில் பச்சை. நூல். அறுக்க மறந்துவிட்டேன். நேற்றுச் சீயக்காய்த் தண்ணீரில் கழுவி, வாலைத் துணியில் சுற்றி, மூக்குக்கு எண்ணெய் தொட்டு வைத்து, கடைசியாக நூல் என்று கத்தரியை எடுத்தபோது யாழினி வீறிட்டாள், ஓடினேன், அப்படியே போய்விட்டது. காலையில் மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள், காலில் நூல், கயிறு, வளையம் எது இருந்தாலும் பரிசுக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம், கத்தி கட்டிச் சண்டைக்கு விடுகிற சேவல் இங்கே வேண்டாம் என்று. கேட்டுக்கொண்டுதான் நின்றேன், யாருக்கோ சொல்கிற மாதிரி. கையை விட்டு எடுத்துவிடலாமா, கூண்டில் ஏற்றின பிறகு நடுவர் சொல்லாமல் தொடக்கூடாது, அதோடு அது மில் முடிச்சு, கடுகளவு இருக்கும், அவிழாது, பல்லால் கடிக்க வேண்டும். மாமா என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கண் போன இடத்தைப் பார்த்தார். "அடிப்பாவி." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வாயத் தொறக்காத. திருஷ்டி நூலுன்னு சொல்லிக்கிறேன். போன தடவை ஒருத்தனுக்கு விட்டுட்டாங்க." திருஷ்டிக்குப் பச்சை நூல் யார் கட்டுவார்கள் என்று கேட்கத் தோன்றியது. நாற்பத்தைந்து. பால் சுரந்துவிட்டது, ஜாக்கெட் நனைகிறது, வெளியே வேப்ப மரத்தடியில் அப்பா கையில் யாழினி அழுகிறாளோ என்னமோ, அவள் அழுதால் எனக்கு இங்கே தெரிந்துவிடுகிறது, உடம்பு சொல்லிவிடுகிறது, நாக்குக்குத்தான் தெரியமாட்டேன் என்கிறது. நாற்பத்தாறு. பெரிய வயிற்றுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவருடைய சேவலின் தாத்தா பேரெல்லாம் சொல்கிறார். சேவலின் தாத்தா, அந்தத் தாத்தாவின் அப்பா. பாட்டி பேரை ஒருத்தரும் சொல்லவில்லை, ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

நாற்பத்தேழு. வெளியே எடுங்கம்மா என்கிறார்கள். எடுக்கிறேன். என் கைக்குள் அவன் நெஞ்சு அடிக்கிறது, அல்லது என்னுடையது. மேசையில் நிறுத்தி நாக்கைத் தட்டுகிறேன், உலர்ந்த நாக்கு, முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வருகிறது. மூட்டம் நெஞ்சை விரிக்கிறான். கண்ணாடிக்காரர், "அட" என்கிறார். தொப்பிக்காரர் ஈரப் பஞ்சால் கழுத்தில், இறக்கையில், வாலடியில் தேய்த்துப் பார்க்கிறார். பஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது. "மை இல்ல." பெரிய வயிற்றுக்காரர் எட்டிப் பார்க்கிறார். அப்புறம் விரல் காலுக்கு வருகிறது. "இதென்ன?" மாமா முந்திக்கொள்கிறார். "திருஷ்டிக்குங்க. வீட்டுப் பொம்பளைக கட்டிட்டாக." தொப்பிக்காரர் ஒரு கணம் யோசித்து, "சரி, அறுத்துட்டு நிறுத்துங்க, பாப்போம்" என்று கத்தரியை என் கையில் கொடுக்கிறார். விட்டுவிட்டார். அவ்வளவுதான். நூலை அறுத்தால் பரிசு வரலாம். கத்தரி வாய்க்கு நடுவில் பச்சை நிற்கிறது. அவர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "இவ்வளவு சுத்தமா சாம்பல் வராதே. சாம்பல் நிக்கவே நிக்காது, குஞ்சுக்குக் குஞ்சு கலையும். கலப்பு. எங்க வாங்குனது?" "கெழக்க ஒரு பெரிய பண்ணையிலங்க, பழைய வம்சம்" என்கிறார் மாமா, என்னைப் பார்க்காமல். எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது, அழுகை வருகிற மாதிரியும். கத்தரியை மேசையில் வைக்கிறேன். டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் எனக்கு முன்னால் பேசியது.

"திருஷ்டி இல்லீங்க."

எல்லாரும் திரும்புகிறார்கள். என் குரல் எனக்கே புதுசாக இருக்கிறது, மில் சத்தத்தில் பேசின குரல், தேவைக்கு மேல் உயரம். "அது அடையாள நூல். பச்சைன்னா சுண்ணாம்புக்குக் காகம் போட்டது. வாங்கல. எங்க வீட்டுல பொரிச்சது." அப்புறம் அந்த வாக்கியம். சுண்ணாம்புக்குக் காகம் போட்டா சாம்பல்தான் வரும், வேற எதுவும் வராது. வந்துவிட்டது, முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல். "இருபத்தாறு குஞ்சுங்க. இருபத்தாறும் சாம்பல்." பெரிய வயிற்றுக்காரர், "ஏத்தா, நீ பேசுவியா?" என்கிறார். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. "சுண்ணாம்புன்னா, தெறிச்ச மாதிரி வருமே, அதா?" "ஆமாங்க." "அதை நாங்க கழிச்சிருவோம்." "எல்லாரும் கழிச்சிருவாங்க." "அப்ப சாம்பலுக்குச் சாம்பல் போட்டா?" "மூணும் வரும். பதினொன்னுல ஆறு சாம்பல், மூணு காகம், ரெண்டு சுண்ணாம்பு. கோழி வேலி தாண்டலீங்க. உள்ள மறைஞ்சிருந்தது வெளிய வருது. கலப்பு இல்ல." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்கிறபோது, சேவலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே போட்டா?" என்கிறார் கண்ணாடிக்காரர், பரீட்சை வைக்கிற மாதிரி. "போட்டுப் பாக்கலீங்க. சேவக்குஞ்சு குழம்பாயிருச்சு." சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். மாமாவின் காது சிவந்துவிட்டது. தொப்பிக்காரர் மட்டும் மூட்டத்தையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "நான் இத்தனை வருசமாக் கழிச்ச சாம்பலெல்லாம்..." என்று தொடங்கி அதை முடிக்கவில்லை.

அட்டையை எடுத்தார். "நூல் நூல்தாம்மா. திருஷ்டி நூலா இருந்தா விட்டிருப்பேன். இது வேற காரியத்துக்குக் கட்டுனதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பரிசுக்கு எடுக்க முடியாது." சரிங்க என்றேன். என்ன சரி, மாமா ஆறு மாதமாகக் காத்திருந்த பரிசு, ஆனாலும் அந்தச் சரி என் வாயிலிருந்து லேசாகத்தான் வந்தது. அட்டையில் கலப்பு, சுத்தம் என்று இரண்டு கட்டம். சுத்தம் என்ற கட்டத்தில் டிக் போட்டார். வளர்ப்பவர் பேர் இருந்த இடத்தில் வீரணன் என்று இருந்தது. பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டு, "வளர்க்குறது யாரு?" என்றார். மாமா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "பேச்சியம்மாள்" என்றேன். வீரணனை அடிக்கவில்லை, கீழே எழுதினார். "அந்தக் கோழி இருக்கா?" "இருக்குங்க. பஞ்சாரத்துல இருக்கு." "ஒரு அடைக்கு முட்டை கிடைக்குமா?" அதை மாமாவிடம்தான் கேட்டார். மாமா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒரு பக்கம் முழுசாகக் குடித்து முடிக்கிற நேரம் துடைத்தார். "அவகிட்டக் கேளுங்க" என்றார்.

மூட்டத்தைக் கூண்டில் விட்டு வெளியே ஓடிவந்தேன். வேப்ப மரத்தடியில் யாழினி அழுது சிவந்துபோய் இருந்தாள். அழகுமலை என் முகத்தைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார். "பரிசு இல்ல" என்றேன். "அப்புறம் ஏன் சிரிக்கிற?" பிள்ளையை வாங்கி மடியில் போட்டேன். கட்டின பால் இறங்குகிறபோது பல்லைக் கடிக்கிற வலி, அப்புறம் மெல்ல மெல்ல லேசாகிறது. மாமா வந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோபமாகத்தான் இருந்தார். "எல்லாம் ஒரு நூலால போச்சு" என்றார் மரத்தைப் பார்த்து. பிறகு, "ஏ புள்ள, நாளைக்குச் சம்பந்தி வீட்டாளுகளுக்குக் கறி எடுக்கணும்ல. போற வழியில கடையில வாங்கிக்குவோம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். யாழினி குடிப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். இலைக்கு நடுவில் விழுகிற வெயில் அவள் கண்ணில் விழுகிறது, பால் மாதிரி கண்ணு. வீட்டுக்குப் போனதும் அத்தை வாசலிலேயே கேட்பார்கள், என்ன நடந்தது என்று. மாமாவுக்கு முன்னால் நான் சொல்வேன். முதலில் சுண்ணாம்பியைப் பற்றி. அப்புறம், அவர்கள் கேட்காவிட்டாலும், பக்கத்து வீட்டு அக்கா இருந்தால் அவர்களையும் உட்காரச் சொல்லி, என் அம்மாவின் பெரியப்பாவுடைய கண்ணைப் பற்றி.